தறிச் சத்தம் இல்லாத அழைப்பு

எங்கள் ஸ்டூடியோவின் கணினியில் மௌனத்துக்கென்று தனியாக ஒரு ஃபோல்டர் இருக்கிறது. ஆளில்லாத சமையலறை, பனி கொட்டி ஓய்ந்த தெரு, விடுமுறைக்கு மூடிய பள்ளிக்கூடம். ஒவ்வொன்றையும் யாரோ மைக் வைத்துப் பதிவுசெய்து, பெயரிட்டு, விற்றிருக்கிறார்கள். வானொலி நாடகத்தில் இருவர் பேசும்போது அடியில் இவற்றில் ஒன்றை ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் குரல்கள் அந்தரத்தில் தொங்கும். ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் என் வேலை இதுதான். பட்டியலில் ஒவ்வொரு ஒலியாகச் சொடுக்கிக் கேட்பேன். பொருந்துவதை ஏற்றுவேன். பொருந்தாவிட்டால் அடுத்தது. வந்த புதிதில் அந்த மௌனங்களைக் கேட்கும்போதெல்லாம் ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுவேன். பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

குடியாத்தத்தில் எங்கள் வீட்டின் பின்பாதி தறிக்கூடம். லுங்கி நெய்யும் விசைத்தறிகள். அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றிப் பேசியே வளர்ந்தோம். இங்கே டிராமில் சாதாரணமாகப் பேசினாலும் முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். கரண்ட் போய்த் தறி நின்றால் தூங்கும் குழந்தைகள் விழித்து அழும். கரண்ட் இருந்தும் பட்டப்பகலில் நின்றால் வீட்டில் சாவு. தெருவில் யாரும் விசாரிக்க மாட்டார்கள், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக வந்துவிடுவார்கள். ஸ்டூடியோவை நடத்தும் காத்ரினிடம் ஒருமுறை, எங்கள் வீட்டில் சத்தம் நின்றால்தான் பயம் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். முகம் வாடக் கேட்டார். மறுநாள் என் மேஜையில் காதடைப்பான் ஒரு ஜோடி இருந்தது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உதவும் என்றார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் அப்பாவுக்கு மூச்சிழுப்பு அதிகமாகி, வேலூரில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பல வருட நூல் தூசி நெஞ்சில் இறங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். அதன் பிறகு எனக்கு மதியமாகும் நேரத்தில் அண்ணன் தினமும் போன் செய்வான். ஊரில் அது தறி ஓடும் பொழுது. ஒருநாள் அவன் குரலுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

"இன்னாண்ணா, கரண்ட் இல்லியா?"

"கரண்ட்டுக்கு இன்னா, இருக்குது."

"தறி?"

"ஓடுது. ஏன், நீ வந்து நூல் புடிக்கப் போறியா?"

"நைனாகிட்ட குடு."

"தூங்குறாரு. நாளைக்குப் பேசு."

பழைய நெசவாலை ஒன்றைப் பற்றிய வானொலி நிகழ்ச்சிக்காக அப்போது வேலை செய்துகொண்டிருந்தோம். இயந்திர ஓசையையே தாளமாக வைத்து இசை வேண்டும் என்று காத்ரின் கேட்டிருந்தார். பட்டியலில் தேடித் தறியோசை ஒன்றை ஏற்றினேன். இசைக் கீபோர்டில் அது கட்டைக்குக் கட்டை மாறியது: இடது ஓரத்தில் இடி, வலது ஓரத்தில் விரல் சொடுக்கு. எந்தக் கட்டையை அழுத்தினாலும் விரலை எடுத்ததும் நின்றது. அப்படி நின்ற ஒவ்வொரு முறையும் எங்கள் தெருக்காரர்கள் துண்டோடு வருவது கண்ணில் பட்டது.

மறுநாள் அண்ணன் போனில் அப்பாவே பேசினார். நன்றாக இருப்பதாகச் சொன்னார். வார்த்தைகளுக்கு நடுவே வழக்கமாகக் கேட்கும் அந்த மெல்லிய விசில் இல்லை. மூச்சு தெளிவாக இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் தறிச் சத்தம் அன்றும் இல்லை. அப்படியானால் ஆஸ்பத்திரிக்காகத் தறிகளை விற்றுவிட்டு என்னிடம் மறைக்கிறார்கள். அப்பா பிழைத்தார், தறி போய்விட்டது. அந்த வாரம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டு வேலை செய்தேன்.

பிறகு ஒருநாள் காத்ரின், அந்த நெசவாலையில் வேலை பார்த்த ஒரு முதியவரின் பேட்டியைக் கொடுத்தார். ஓடும் இயந்திரத்தின் பக்கத்தில் எடுத்தது. சத்தம் நீக்கும் எஃபெக்ட்டைத் தேடி எடுத்துக் குரலின் மேல் ஏற்றினேன். தினமும் செய்வதுதான். இயந்திரம் மறைந்தது, குரல் மட்டும் மிஞ்சியது. வெறுமையாக இருக்கவே ஆளில்லாத சமையலறையை அடியில் ஓடவிட்டேன். இப்படி ஒரு சத்தத்தைத் துடைத்துவிட்டு மௌனத்தைப் பூசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. உடனே அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, இது எந்த போன்?"

"புதுசுடா. எவ்ளோ சத்தத்துலயும் க்ளியரா கேக்கும்னு கடைக்காரன் சொன்னான். உங்கிட்ட பேசறதுக்குத்தான் வாங்கனேன்."

"இப்ப எங்க நிக்கற?"

"தறிகிட்டதான். தொண்டை கிழியக் கத்திக்கினு இருக்கறேன். கேக்கலியா உனக்கு?"

சிரித்துவிட்டேன். தறிகள் இருக்கின்றன, ஓடுகின்றன; புது போன்தான் அந்தச் சத்தத்தைத் துடைத்துவிட்டிருக்கிறது. சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். முதியவரின் குரலை அலைக்கோடாகக் காட்டும் இடத்தில், ஒரு வாக்கியத்தின் நடுவே கோடு தட்டையாகக் கிடந்தது. முதலில் கேட்டபோது இருந்த இருமல் இப்போது அங்கே இல்லை. எஃபெக்ட்டுக்கு இயந்திரமும் இருமலும் ஒன்றுதான். பேச்சு அல்லாதது எல்லாம் சத்தம்.

"அண்ணா, அண்ணியோட போன்ல இருந்து கூப்புடு. நைனாவ பேசச் சொல்லு."

"அது டப்பா போனுடா. ஒண்ணும் கேக்காது, பேஜாரு."

"பரவால்ல. கூப்புடு."

கூப்பிட்டான். ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து விலக்கிப் போனை வைத்துக்கொண்டேன். தறிகள் ஒன்றாக வந்து காதில் அடித்தன. பக்கத்து மேஜையிலிருந்து காத்ரின் நிமிர்ந்து பார்த்தார். நைனா என்றேன். அவர் பதில் சொல்வதற்கு முன்பே அந்த விசில் வந்தது. ஒவ்வொரு வார்த்தைக்குப் பின்னாலும் வந்தது, முன்பைவிட நீளமாக.

"சாப்டியா நைனா?"

"ஆச்சுப்பா. சத்தம் ஜாஸ்தியா இருக்குதா? தறிய நிறுத்தச் சொல்லட்டா?"

"வாணாம் நைனா. ஓடட்டும்."

அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, தறிக்குள்ளிருந்து அந்த விசிலைப் பிரித்துக் கேட்க முயன்றேன். நிறுத்த மறந்த ஆளில்லாத சமையலறை இன்னொரு காதில் ஓடிக்கொண்டே இருந்தது.