பேச மறுத்த புது டிஸ்க்

என் கம்ப்யூட்டருக்குப் பதினாலு வயது. மகன் ஊருக்கு வரும்போதெல்லாம் அதைத் தூக்கிப் போடச் சொல்வான். நான் காதில் வாங்கிக்கொள்ள மாட்டேன். அதிலிருக்கும் தமிழ் மென்பொருளுக்கு என் விரல்கள் பழகிவிட்டன. புதுக் கம்ப்யூட்டரில் அது ஓடாது. அதனால் ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போடத் தொடங்கியதும், டிஸ்க்கை மட்டும் மாற்றிவிடலாம் என்று ஆரியசாலையில் ஒரு கடைக்குப் போன் செய்தேன்.

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டைக் கண்டுபிடித்து ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பாறசாலையிலிருந்து தினமும் ரயிலில் வேலைக்கு வருகிறவள். கழுத்தில் சின்னச் சிலுவை. புது டிஸ்க்கைப் பெட்டியோடு என்னிடம் கொடுத்துவிட்டு, பழையதில் இருப்பதைப் பிரதி எடுக்கக் கடைக்குக் கொண்டுபோனாள். மறுநாள் காலை வந்து புதியதைப் பொருத்தினாள். கம்ப்யூட்டரைப் போட்டால் திரையில் டிஸ்க்கின் பெயரையே காணோம்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவள் எதிரிலேயே கடைக்காரருக்குப் போன் செய்தேன். "பழைய சரக்கை என் தலையில கட்டப் பாக்கறேளா? புதுசைத் திருடிண்டு மட்டமானதைக் கொண்டுவந்து மாட்டியிருக்கா உங்க ஆளு!" என்று கத்தினேன்.

சற்று நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. கடைக்காரர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "இந்த மாசம் இது ரெண்டாமத்த கம்ப்ளெயிண்டாக்கும். இதுவும் உன் தப்புன்னா நாளை முதல் நீ வேலைக்கு வரண்டாம்."

"செரி சாரே" என்று போனை வைத்துவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

பிறகு அவள் செய்ததை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ரேடியோ பாடவில்லை என்றால் தலையில் ஒரு தட்டுத் தட்டுகிறவன் நான். அவளோ ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினாள். கேபிளை மாற்றிப் பார்த்தாள், பலனில்லை. ஒரு பில்லின் பின்பக்கம் அதைக் குறித்துக்கொண்டாள். ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த சிடி டிரைவின் கேபிளைக் கழற்றி டிஸ்க்கில் சொருகினாள். அப்போதும் இல்லை. அதையும் எழுதினாள். வேலை போகும் நிலையிலும், கழற்றிய ஒவ்வொரு திருகையும் அது இருந்த வரிசையிலேயே வைத்தாள்.

"ஏன்னா, அந்தப் பொண்ணு காப்பியைத் தொடவே இல்லையே" என்றாள் மனைவி உள்ளிருந்து.

அந்தப் பெண் டிஸ்க்கின்மேல் உள்ளங்கையை வைத்து, உள்ளே அது சுழலும் அதிர்வைக் கவனித்தாள். "சுத்துகதுண்டு சாரே. உயிருண்டு. பேசத்தான் மாட்டேங்குது."

அதைக் கழற்றி ஜன்னலோரம் கொண்டுபோனாள். கேபிள் சொருகும் வாயில் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். பிறகு மூக்கருகே வைத்து முகர்ந்தாள். என்னை ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். காலையில் நான் செய்தது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் சுவாமி முன்னால் வைத்துச் சந்தனம் இடுவது வழக்கம். அன்று காலை டிஸ்க்குக்கும் இட்டேன். கம்ப்யூட்டருக்குப் பொட்டா என்று வருகிறவள் சிரிக்கப் போகிறாளே என்று, வெளியே தெரியாத இடமாகப் பார்த்து இட்டேன். நான் தேடிக் கண்டுபிடித்த அந்த இடம் கேபிள் சொருகும் வாய்.

அவள் பையிலிருந்து பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துத் துடைத்தாள். பென்சில் ரப்பரால் வாயின் உள்ளே இருந்த பொன்னிறக் கோடுகளை மெல்லத் தேய்த்தாள். திரும்பவும் பொருத்திப் போட்டதும் திரையில் டிஸ்க்கின் பெயர் வந்தது. கை தட்டலாம் போலிருந்தது எனக்கு, வெட்கம் விடவில்லை.

கடைக்காரர் மறுபடியும் கூப்பிட்டார்.

"செரியாச்சு சாரே. லூஸ் கனெக்‌ஷன். நான்தான் ஒழுங்கா சொருகல்ல" என்றாள்.

மறுமுனையில் அவர் கத்துவது கேட்டது. அவள் குனிந்து திருகுகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை. "போனை இப்படிக் கொடும்மா" என்று வாங்கினேன்.

"தப்பு என்னோடது. டிஸ்க்குக்குச் சந்தனம் வெச்சேன், அதுதான் அடைச்சுண்டது. இவ பேர்ல ஒரு குத்தமும் இல்லை. நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்" என்றேன். மனைவி சமையலறை வாசலுக்கே வந்துவிட்டாள்.

கடைக்காரர் கத்துவதை நிறுத்தினார். பிறகு, "அப்ப அவ நாளைக்கு வேலைக்கு வரட்டு" என்றார்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். "உனக்குத்தான் தெரிஞ்சுடுத்தே. வேலையே போயிருக்குமே, ஏம்மா சொல்லலை?"

அவள் மூடியை வைத்துக் கடைசித் திருகை முடுக்கினாள். "சாமிக்கு வச்சதுல்லா சாரே. அதக் கம்ப்ளெயிண்டுன்னு எப்பிடிச் சொல்லுகது?"

அவளைத் திருடி என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.