பைபாஸ் சாலையில் கேட்ட குரல்

ஆண்டவருடைய பிள்ளைகளே, என் வீட்டில் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் அடையாறில் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் என் கணவர் சாமுவேலுக்குப் பக்கவாதம் வந்தது. கை, கால் ஓரளவு திரும்பின. பேச்சு மட்டும் திரும்பவில்லை. பயிற்சிக்குப் போனோம். உபவாசம் இருந்தேன். காலையில் எழுந்ததும் அவர் வாயைத்தான் பார்ப்பேன். அசையும், சத்தம் வராது. ஒரு கட்டத்தில் முழங்காலில் நின்றால் எனக்கு அழுகைதான் வந்தது, ஜெபம் வரவில்லை.

அவரிடம் ஒரு பழைய கார் உண்டு. இங்கிலாந்தில் செய்த சின்ன வண்டி, இரண்டே கதவு, எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. ஓட்ட முடியாமல் போன பிறகும் தினமும் போய் அதைத் தடவிக்கொடுப்பார். அதனால் ஞாயிறுதோறும் நானே அவரை அதில் ஆலயத்துக்கு அழைத்துப் போவேன். வேகம் நாற்பதைத் தாண்டியதில்லை.

போன வருடம் காஞ்சிபுரத்தில் என் அண்ணன் மகள் எஸ்தருக்குக் கல்யாணம். டாக்சி வந்து நின்றது. இவர் ஏறவில்லை. பழைய காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்து டாக்சியை அனுப்பிவிட்டேன்.

பைபாஸில் ஏறியதும் லாரிகள் பின்னால் ஹாரன் அடித்தன. மெதுவாகப் போனால் இடித்துவிடுவார்களோ என்று வேகத்தைக் கூட்டினேன். எண்பது கிலோமீட்டர் வேகம் இருக்கும். வண்டி முழுக்க உதறியது.

திடீரென்று பானெட் காற்றில் எழும்பி, படீரென்று முன்கண்ணாடிமேல் விழுந்தது. சாலையே தெரியவில்லை. கண்முன் வெறும் பச்சைத் தகரம்.

"இயேசப்பா!" என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம். கால் பிரேக்குக்குப் போனது.

"அடிக்காத!"

இடது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருந்தார் என் கணவர். "பிரேக் வேணாம் ரூபி! பின்னாடி லாரி. லெஃப்ட்ல வா... வா... இன்னும் கொஞ்சம்... இப்ப மிதி, மெதுவா."

சொன்னபடி செய்தேன். வண்டி ஓர மண்ணில் இறங்கி நின்றது. பின்னால் வந்த லாரியும் நின்றது. ஓட்டுநர் இறங்கி ஓடி வந்தார்.

"இன்னாக்கா, அடி கிடி பட்டுச்சா? நைனா நல்லா கீறாரா?"

என் கணவர்தான் பதில் சொன்னார்.

"ஒண்ணும் இல்லப்பா. கயிறு இருக்கா?"

சாலையோரம் என்றும் பார்க்காமல் உட்கார்ந்து அழுதேன். பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து அந்த ஓட்டுநர் தண்ணீர் கொடுத்தார். பானெட்டைக் கட்டிக்கொண்டு ஓரமாகவே ஊர்ந்து போனோம். போய்ச் சேர்ந்தபோது கல்யாண ஆராதனை முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. இவர் "எஸ்தர்" என்று கூப்பிட்டதும் கல்யாணப்பெண் இலையை விட்டு எழுந்து ஓடி வந்தாள்.

முழுப் பேச்சும் இன்னும் வரவில்லை. சில நாள் உப்புக்குப் பதில் சோப்பைக் கேட்பார். இருவரும் சிரித்துக்கொள்கிறோம். அதிர்ச்சியில் சிலருக்கு இப்படி நடப்பதுண்டு என்றார் டாக்டர். இருக்கட்டும். நடத்தியவர் யாரென்று எனக்குத் தெரியும்.

வார்த்தை வராமல் முழங்காலில் நிற்கிற சகோதர சகோதரிகளே, ஒரே ஒரு சொல்லாவது சொல்லிக் கூப்பிடுங்கள். நம் தேவனுக்கு அது போதும்.