லாஸ்லெஸ் பரமசிவம் வெட்டி வைத்துக்கொண்ட பன்னிரண்டு நிமிடம்

லாஸ்லெஸ் பரமசிவம் காலமாகிவிட்டார். இன்று விடியற்காலை, நாகல் நகர் வீட்டில்.

வாட்ஸ்அப் குழு முழுக்கக் கைகூப்பும் எமோஜி. "நாதத்தின் காவலர்"... "ஈடு செய்ய முடியாத இழப்பு"... எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அவரைக் கஞ்சன் என்று எனக்குத் தனியாக மெசேஜ் போட்டவர்கள். எல்லாம் போனில் அப்படியே இருக்கிறது.

நான் அப்படி எழுதப்போவதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டுக்கல் சுற்றுவட்டாரக் கோயில் கச்சேரிகளை மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து நேரடியாகப் பதிவு செய்து சேர்த்து வைத்தவர். எங்களைப் போன்ற கச்சேரிப் பைத்தியங்கள் அந்த மாதிரிப் பதிவுகளை ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வோம்.

எம்பி3 ஆக்கினால் ஃபைல் சின்னதாகும், ஆனால் சத்தத்தில் கொஞ்சத்தைக் கழித்துவிடும். ஃப்ளாக் என்று இன்னொரு ஃபைல் வகை, அது எதையும் கழிக்காது. அதுதான் லாஸ்லெஸ். அந்த வார்த்தையை அவரே தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார்... டாக்டர் பட்டம் மாதிரி.

முதல் தடவை பென்டிரைவோடு போனேன். கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தார், உடனே பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டார்.

"எம்பி3 கேக்குற காதுக்குக் கச்சேரி எதுக்குத்தா? பஸ் ஸ்டாண்டுல போடுற பாட்டு பத்தாதா?"

அவர் மனைவி காபி கொண்டுவந்தார். "உள்ள கொண்டு போ. இவுக இப்பக் கெளம்பிருவாக," என்றார் பரமசிவம். அந்த அம்மா டம்ளரோடு அப்படியே திரும்பிப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இருந்தாலும் மறுபடி போனேன். காரணம் கோவிந்தன் ஐயா.

நான் பிசியோதெரபிஸ்ட். கோவிந்தன் ஐயா என் பேஷண்ட். சின்னாளபட்டி நாதஸ்வரக்காரர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்து, பேச்சும் குழறிப்போனது. பயிற்சி என்றாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அவர் மகள் செல்வி, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவள், ஒருநாள் சொன்னாள். "அய்யலூர்த் திருவிழால அப்பா வாசிச்சத யாரோ பதிஞ்சாகளாம்க்கா. அதப் போட்டுக் காட்டுனா வெரலு அசையுமோ என்னமோ?"

பதிந்தது யார் என்று எனக்குத் தெரியும். ஆட்டோவில் மூன்று பேரும் நாகல் நகர் போனோம்.

பரமசிவம் கேட்ட முதல் கேள்வி: "பதிலுக்கு என்ன கொண்டாந்திருக்கீக?"

செல்விக்குப் புரியவில்லை. "எங்க அப்பா வாசிச்சதுதான சார்?"

"வாசிச்சது உங்கப்பா. பதிஞ்சது நானு."

கோவிந்தன் ஐயா செல்வியின் தோளைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை... வரவில்லை.

என்னிடம் ஒரே ஒரு நல்ல பதிவு இருந்தது. பழனியில் இருக்கும் ஒரு தோழி தன் குருவின் கடைசி வீட்டுக் கச்சேரியைப் பதிவு செய்து, யாருக்கும் தரக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுத்தது. அதைக் கொடுத்து இதை வாங்கினேன்.

மறுநாளே அவர் குழுவில் பீற்றிக்கொண்டார், "இது இப்ப நம்மகிட்ட". தோழி அன்றைக்கு என்னை பிளாக் செய்தவள்தான். அவள் மேல் தப்பில்லை.

சின்னாளபட்டியில் ஸ்பீக்கரில் போட்டோம். ஐயா முகம் மாறியது. தொடை மேல் கிடந்த வலது கையில் ஆள்காட்டி விரல் லேசாக, மிக லேசாக அசைந்தது. செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கல்யாணி ஆலாபனை பாதியில்... சட்டென்று இடது கையைத் தூக்கினார். "இல்ல... இல்ல..."

திரும்பப் போட்டேன். அதே இடத்தில் அதே கை. "இல்ல."

ஹெட்போனில் கேட்டபோதுதான் எனக்குப் பிடிபட்டது. பின்னால் ஒரு வெடி வெடிக்கிறது, அந்தச் சத்தம் பாதியில் அறுந்துபோகிறது. யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

போன் போட்டேன். மறைக்கக்கூட இல்லை அந்த மனுசன்.

"ஆமா, பன்னெண்டு நிமிசம் எடுத்துட்டுத்தான் குடுத்தேன். யாருக்குக் குடுத்தாலும் கொஞ்சம் எடுத்துட்டுத்தான் குடுப்பேன். அம்புட்டும் வெளிய போயிட்டா எங்கிட்ட என்னத்தா மிச்சம்?"

"அது அவரோட வாசிப்பு சார்."

"அவருக்குத்தான் மனசுக்குள்ள இருக்கும்ல?"

வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவரோடு பேசவே இல்லை. படுக்கையில் விழுந்துவிட்டார், பேச்சும் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை.

இன்று காலை போனேன். துக்கத்துக்கு என்று பொய் சொல்லமாட்டேன். அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காகத்தான் போனேன்.

கூட்டம் குறையும் வரை காத்திருந்து, அவர் மகனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "தம்பி, அப்பாவோட ஹார்ட் டிஸ்க் ரெண்டு இருக்குமே..."

"அதாக்கா? வீட்டுக்கு கேமரா மாட்டுனோம்ல, அதுக்கு டிஸ்க் வேணும்னாக. அதையே அழிச்சு மாட்டிட்டோம்."

"ரெண்டையுமா?"

"ஆமாக்கா. புதுசா எதுக்கு வாங்கணும்னு..."

வெட்டாத காப்பி வேறு எங்கேயும் கிடையாது. இன்னொருவர் வீட்டில் தன் பதிவு முழுசாக இருக்கக்கூடாது என்பது பரமசிவத்தின் கொள்கை. எத்தனை வருடத்துக் கச்சேரிகள்... எத்தனை பேருடைய மூச்சு...

"அப்பாட்ட கேட்டீங்களா தம்பி?"

"கேட்டோமேக்கா. பேச்சுத்தான் வரலையே அவருக்கு. தலைய ஆட்டுனாரு. சரிங்குறாருன்னு எடுத்துக்கிட்டோம்."

எந்தப் பக்கம் ஆட்டினார் என்று நான் கேட்கவில்லை.

கூடத்துக்கு வந்து முகத்தை ஒரு தடவை பார்த்தேன். தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள். மாலை வாங்கிப் போகவில்லை. வெளியே வந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன்.

செல்விக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

போயிட்டு வாங்க பரமசிவம் சார்.