தொண்டையில் இறங்கிய பூண்டெண்ணெய்

போன வாரம் பக்கத்து வீட்டிலிருந்து பூண்டைத் தட்டி நல்லெண்ணெயில் காய்ச்சும் வாசனை வந்தது. குழம்புக்குத் தாளிக்கிற வாசனை வேறு, காதுக்குக் காய்ச்சுகிற வாசனை வேறு. என் மூக்குக்குத் தெரியும். எழுந்து போய்ப் பார்த்தால், அந்த வீட்டுப் பெண் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு எண்ணெயை ஆறவைக்கிறாள். தலை சுற்றுகிறதாம்.

"ஊத்தாதடி! அடி வாங்குன காதுக்கு எண்ணெ ஆவாது" என்றேன். அடி என்றதும் அவள் முகம் செத்துப்போனது. எண்ணெயைக் கீழே கொட்டிவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எனக்கெப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. நீங்கள் கேட்பீர்கள், அதனால் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. கல்யாணமான புதிதில் நானும் வீட்டுக்காரரும் மரக்காணத்தில் ஒரே உப்பளத்தில் வேலை பார்த்தோம். அவர் நீளக் காம்பு வைத்த பலகையால் உப்பை வரப்போரம் இழுத்துக் கூட்டுவார். நான் கூடையில் வாரி, தலையில் சுமந்து, மேட்டில் கொட்டுவேன். ஒருநாள் அவர் பாத்திச் சேற்றில் வழுக்கி மல்லாக்க விழுந்தார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் சிரிப்பு கொஞ்சம் சத்தம்தான். சிரித்தால் தென்னை மரத்துக் காக்காய் பறக்கும் என்று என் அப்பாவே சொல்வார்.

சாயங்காலம் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். விரித்த கை இடது காதோடு வந்து விழுந்தது. உள்ளே சோடா உடைத்த மாதிரி ஒரு சத்தம். அப்புறம் தரை எழுந்து வந்து என் கன்னத்தில் மோதியது.

"இப்ப சிரிடி!" என்று நின்றார்.

மறுநாள் தலை சுற்றி, வரப்பு காலடியில் ஓடியது. ஒற்றையாள் நடக்கிற மண் வரப்பு, இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், தலையில் கூடை. கூடையோடு விழுந்தேன். விழுகிறவளுக்கு அளத்தில் வேலை கிடையாது. கேட்டவர்களிடம் "பித்தம்" என்றேன். அடி வாங்கினவள் என்று ஒருத்தரும் என்னைச் சொல்லக்கூடாது. அது என் ரோஷம்.

பித்தம் என்றதும் தெருவே வைத்தியத்துக்குக் கிளம்பிவிட்டது. எதிர்வீட்டு அஞ்சலை சுக்கும் தனியாவும் இடித்துக் கஷாயம் வைத்தாள். ஒருத்தி இஞ்சிச் சாறும் தேனும் கொண்டுவந்தாள். கூனிமேட்டிலிருந்து துணி விற்க வருகிற பாயம்மா நெல்லிக்காய் கொடுத்தார். யாரோ நொச்சி இலையை அடைத்துத் தலையணை தைத்துத் தந்தார்கள். குடித்துக் குடித்துத் தலையோடு வயிறும் சேர்ந்து சுற்றியது.

கடைசியில் மாமியார் பூண்டெண்ணெய் காய்ச்சினார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். என்னை மடியில் சாய்த்துக் காதில் விட்டார். எரிச்சலில் துள்ளினேன். கொஞ்ச நேரத்தில் தொண்டையில் பூண்டு காறியது.

"அத்த, காதுல ஊத்துனது வாய்க்கு வருது."

அவர் கை நின்றது.

"சவ்வு கிழிஞ்சாதான் எண்ணெ தொண்டைக்கு எறங்கும். எனக்கும் எறங்குச்சி. உங்க மாமன் கை அது."

"பித்தம் அத்த."

"இந்தத் தெருவுல எல்லாரும் தலசுத்தலுக்கு இவ்ளோ மருந்து தெரிஞ்சி வெச்சிருக்காளுங்களே, எதுக்குன்னு நெனச்ச? எல்லாளுக்குமா பித்தம்? ஒண்ணு போச்சு. இன்னொரு காதையும் வுட்டுடாத, பொண்ணே."

சில நாள் போயிருக்கும். சோறு போடும்போது தள்ளாடி, குழம்பு அவர் வேட்டியில் கொட்டிவிட்டது. எழுந்து என் கொண்டையைப் பிடித்து, முகத்தைத் திருப்பினார். நல்ல காது இருக்கிற பக்கம். "இந்தப் பக்கமும் வாங்கு" என்று கையை ஓங்கினார்.

சுவரில் சாத்தியிருந்த உப்புப் பலகை என் கைக்கு வந்தது. தலை சுற்றலில் குறி தப்பிவிடக் கூடாதென்று முதுகைச் சுவரோடு கொடுத்து அடித்தேன். முதல் அடியில் மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் அந்த ஒற்றைக் காதுக்கே நன்றாகக் கேட்டது. தோளில் ஒன்று, முட்டியில் ஒன்று. அவர் உட்கார்ந்த பிறகும் அடித்தேன்.

"யம்மா! கொல்றாம்மா!"

அடுப்படியில் இருந்த அத்தை திரும்பவே இல்லை. "எனக்கு அந்தக் காது கேக்காதுடா" என்றார்.

முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். டீக்கடையில் அவர், "வரப்புல வழுக்கிட்டேம்பா" என்றாராம். விழுந்ததை ஏற்கெனவே பார்த்த ஊர், நம்பிவிட்டது. அந்தக் கை அப்புறம் என் மேல் எழவில்லை. உள்ளங்காலாலேயே வரப்பைத் தடவித் தடவி நடக்கப் பழகினேன். அளத்து வேலையும் போகவில்லை.

அத்தை போய்விட்டார், அஞ்சலையும் போய்விட்டாள். நாங்கள் உப்பு வாரிய பாத்திகளில் இப்போது இறால் வளர்க்கிறார்கள். போன மழைக்கு முன்னால் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். கடைசி நாளில் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். செத்த காது அவர் பக்கம் இருந்தது. வேண்டுமென்றே அப்படி உட்கார்ந்தேனா என்று கேட்காதீர்கள். அவர் உதடு அசைந்தது, நீளமாக என்னவோ சொன்னார், கண்ணில் தண்ணீர் வந்தது. தலையைக் கொஞ்சம் திருப்பினால் கேட்டிருக்கும். நான் திருப்பவில்லை. என்ன சொன்னாரோ, அது அவரோடு போய்விட்டது.