குழாய்ச் சங்கு

பால் குடிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் அம்மா நடுவில் வருவாள். எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் அதுதான் சட்டம். கொழுந்தெடுக்கும் அம்மாக்கள் காலையில் எங்களை அங்கே ஆயம்மாவிடம் விட்டுவிட்டு மலையேறுவார்கள். கைக்குழந்தைக்காரிகள் மட்டும் இடையில் இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம். எனக்கோ நாலு வயது. அந்தக் கணக்கில் நான் கிழவி. தேயிலை அரைக்கும் ஸ்டோரில் பகல் சங்கு ஊதினால்தான் எனக்கு அம்மா.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு லேசாக நெஞ்சு இழுத்தது. அம்மாவுக்குப் போக மனமில்லை. வாசலில் நின்று நின்று திரும்பிப் பார்த்தாள். நான் ஊரைக் கூட்டி அழுதேன். ஆயம்மா கதவைச் சாத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் ஹட்டனிலிருந்து ஒரு பாட்டு டீச்சர் வருவார். தோளில் ஒரு சாக்கு. அதற்குள் கல் போட்ட பால்மா டின்கள், சிரட்டை, மணி, ஒரு துண்டுத் தண்ணீர்க் குழாய். பாடச் சொல்வார், ஆடச் சொல்வார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு வேறு எதுவாகவாவது மாறச் சொல்வார். முந்தின வாரம் யானையாக மாறிக் காட்டுக்குள் போனோம். எங்களில் ஒருவரும் யானையைப் பார்த்ததில்லை. ஆளுக்கொரு விதமாகக் கத்தினோம். ஒரு பையன் அச்சு அசலாக மாடு மாதிரியே கத்தினான். டீச்சருக்கே அலுத்துவிட்டது போல. அன்று, "வாங்க புள்ளைங்களா, இன்னைக்கு நாம ஸ்டோரு ஓட்டுவோம்" என்றார்.

அடேயப்பா, அதற்கு வந்த உற்சாகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! நாலு பேர் கைகோத்துச் சுற்றினார்கள். அது கொழுந்து அரைக்கும் மெஷின். சின்னதுகள் எல்லாம் கொழுந்தாகிப் பாயில் உருண்டன. டின் கிடைத்தவர்கள் சல்லடை ஆட்டினார்கள். "சங்கு யாரு?" என்று டீச்சர் கேட்டு முடிப்பதற்குள் குழாய் என் கையில் இருந்தது.

எனக்கு ஒரே யோசனைதான். சங்கு ஊதினால் அம்மா வருவாள். மெஷினும் கொழுந்தும் எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று, எதிர்மலையைப் பார்த்த ஜன்னலில் குழாயை நீட்டி அடிவயிற்றிலிருந்து ஊதினேன். பாதியில் இருமல் வந்தது. இருமிவிட்டு மறுபடி ஊதினேன். மறுபடி இருமல். நான் விடவில்லை.

பச்சைக்கு நடுவே ஒரு தலை நிமிர்ந்தது. கொஞ்ச நேரத்தில், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு காலைத் தட்டத் தட்ட ஒருத்தி குறுக்குப் பாதையில் ஓடிவந்தாள். என் அம்மாவேதான். பின்னாலேயே மலையிலிருந்து கங்காணியின் சத்தமும் வந்தது.

"தண்ணி குடிக்க வந்தேங்க டீச்சர்" என்றாள் மூச்சிரைக்க. தண்ணீர் ஒன்றும் குடிக்கவில்லை. என்னை மடியில் போட்டு நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். ஆயம்மாவிடம் சுடுதண்ணீர் வாங்கி ஆற்றி ஆற்றிப் புகட்டினாள். இருமல் அடங்கிய பிறகு கன்னத்தைக் கிள்ளிவிட்டு மலையேறிப் போனாள். சாயங்காலம் கங்காணி எங்கள் லயத்து வீட்டு வாசலுக்கே வந்து ஏசினார்.

எனக்கோ பெருமை பிடிபடவில்லை. சங்கு ஊதி அம்மாவை இறக்கியவள் நான்! காம்பராவில் மற்றதுகள் குழாய்க்கு அடித்துக்கொண்டன. மாடு மாதிரி கத்திய பையன் முகம் வீங்க ஊதியும் அவன் அம்மா வரவில்லை. பாவம், ஊதத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவை நினைத்தாலும் பாவமாகத்தான் இருந்தது. இவ்வளவு பெரிய மனுஷிக்குக் குழாய்க்கும் சங்குக்கும் வித்தியாசம் தெரியவில்லையே! சொன்னால் வெட்கப்படுவாள் என்று வருஷக்கணக்காகச் சொல்லாமலே இருந்தேன்.

போன தீபாவளிக்கு என் மகளைச் சிரிக்க வைப்பதற்காக அந்த ரகசியத்தை உடைத்தேன். "ஒங்க அம்மாச்சிய நான் நாலு வயசுலயே ஏமாத்துனவ, தெரியுமா?" என்றேன்.

அம்மா முறுக்குப் பிழிவதை நிறுத்தக்கூட இல்லை. "போடி இவளே! எந்த ஸ்டோரு சங்குடி நடுவுல நடுவுல இருமும்?" என்றாள்.