தொரைக்கும் உண்டு

பேத்தி ரெஜினா எஸ்.எஸ்.ஸி. பாஸ் செய்துவிட்டாள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து அந்தப் பரீட்சை எழுதிய முதல் பெண் பிள்ளை அவள்தான். பேரன் அந்தோனி பொகவந்தலாவைக் கடைவீதியில் தையல் மெஷின் போட்டுவிட்டான். தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவே அவனிடம்தான் கால்சட்டை தைக்கிறார். கடைக்குட்டி பிலோமினா பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்து, பரிசு வாங்கின சோப்புப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். இதையெல்லாம் உபதேசியார் சவரிமுத்துவிடம் சொல்ல வேண்டும் என்று நான் துடித்துக்கொண்டிருந்தபோதுதான், பஸ்ஸிலிருந்து அவருடைய மருமகன் இறங்கினார். கடைசிக் காலத்தில் உபதேசியார் மகள் வீட்டோடு இருந்த டயகமவிலிருந்து அவர் தனியாக வந்து நின்றதுமே தெரிந்துவிட்டது.

"மாமா போயிட்டாருங்க" என்றார்.

அஞ்சலி எழுத உட்கார்ந்தவள் பேரப்பிள்ளைகள் பெருமையை முதலில் எழுதுகிறாளே என்று, உபதேசியாரை அறிந்த நீங்கள் நினைக்கமாட்டீர்கள். எந்த வாசலில் கால் வைத்தாலும், "நல்ல சேதியை முதல்ல சொல்லுங்க. கெட்டதுக்குச் சொந்தக் காலு கிடையாது, நல்லது மேல ஏறித்தான் வரும்" என்பாரே, அந்த மனிதருக்கு வேறு எப்படி எழுதுவது?

கிழமையில் ஆறு நாள் எங்களோடு மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டி, பங்குச் சாமியார் வராத வாரங்களில் வேதக் கோயிலில் ஜெப மந்திரம் சொல்லிக் கொடுப்பார். அப்போஸ்தலர்களுக்குப் பின் வந்த ஆதிச் சபைப் பெரியவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்குக் கண் மினுங்கும். ஆத்துமம் தாய் தகப்பனிடமிருந்து வருகிறதா, ஆண்டவர் ஒவ்வொன்றாகப் புதிதாக உண்டாக்குகிறாரா என்று அவர்கள் வாதாடியதை, நேற்றுப் பக்கத்து டிவிசனில் நடந்த சண்டை போலச் சொல்லுவார். நாங்களும் வாயைப் பிளந்து கேட்போம்.

ஒரு மழை நாள் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் உட்கார்ந்து என் கம்பளியைத் தூக்கிக் காட்டினார்.

"அன்னம்மாக்கா, இந்த ஓட்டை ஒரு சாமானா?"

"ஓட்டை எப்படிங்க சாமானாகும்?"

"அதேதான்! கம்பளி இல்லாத எடம் ஓட்டை. நன்மை இல்லாத எடம் தீமை. ஆண்டவர் தீமைன்னு ஒண்ணைப் படைக்கவே இல்ல. ஆதிப் பெரியவங்க கண்டுபிடிச்சுச் சொன்னது."

"ஆனா குளிரு அந்த ஓட்டை வழியாத்தானே வருது, உபதேசியாரே!" என்றேன்.

கம்பளியின் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அடுத்த ஞாயிறு கோயில் வாசலிலேயே என்னை மறித்து, "பதில் கெடைச்சிருச்சுக்கா! ஓட்டையை யாராலும் தைக்க முடியாது, கம்பளியைத்தான் தைக்கணும். கெட்டதோட மல்லுக்கட்டாதீங்க, நல்லதை இழுத்துச் சேருங்க" என்றார். ஒரு வாரம் முழுக்க என் கேள்வியைக் கவ்வாத்துக் கத்தியோடு சுமந்து திரிந்திருக்கிறார்! ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் கேள்விக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தவர் வேறு யாருமில்லை.

இனி ரெஜினாவுக்கு வருகிறேன். அவள் பிறந்தபோது இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. என் மகள் செபமாலை, பிள்ளையின் காலைத் துணியால் சுற்றியே வைத்திருந்தாள், வாசலுக்கே கொண்டுவரமாட்டாள். என் மருமகன் வீட்டார் முருகனைக் கும்பிடுகிறவர்கள். சம்பந்தியம்மா காமாட்சி, "போன ஜென்மத்துல யாரையோ காலால எத்தியிருக்கு, அந்தப் பாவம் காலைப் பிடிச்சிருக்கு" என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். அது தோட்டத்து ஆட்களான எங்களுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை இல்லை என்று சர்க்கார் சொல்லிவிட்ட சமயம் வேறு. இந்த மண்ணில் பிறந்ததே கணக்கில்லை என்று கேட்டுப் புண்பட்டிருந்த காதுகள். பிறப்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எரியும்.

ஞானஸ்நானத்துக்கு முந்திய ஞாயிறு, உபதேசியார் பாடம் சொன்னார்: "எல்லாக் குழந்தையும் ஜென்மப் பாவத்தோட பிறக்குது. அதைப் போக்கத்தான் ஞானஸ்நானம்."

செபமாலை எழுந்துவிட்டாள்.

"மாமியார் சொன்னது பத்தாதுன்னு கோயில்லயும் அதையே சொல்றீங்களா? எம்பிள்ளை ஒரு பாவமும் பண்ணல. ஞானஸ்நானமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இனிமே இவளை எவர் கண்ணுலயும் காட்டமாட்டேன்!"

பிள்ளையை முந்தானையில் மூடிக்கொண்டு இறங்கி ஓடினாள். அவள் சொன்னால் செய்கிறவள். அந்தப் பிள்ளை காம்பிரா இருட்டிலேயே வளர்ந்துவிடுமே என்று நான் பயந்தேன்.

உபதேசியார் புத்தகத்தைக்கூட மூடவில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேயிலைக்கு நடுவே பின்னாலேயே ஓடினார். நாங்களும் ஓடினோம். லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவளைப் பிடித்தார். அங்கே குடத்தோடு நின்றவர் யார் தெரியுமா? சம்பந்தியம்மாவேதான்.

"ஆத்தா, கொஞ்சம் கேளு," என்று உபதேசியார் மூச்சு வாங்கினார். "போன ஜென்மத்துப் பாவம்னு நான் சொல்லல. எங்க வேதத்துல போன ஜென்மமே கிடையாது. ஓம்புள்ள ஆத்துமம் புத்தம் புதுசு."

"அப்புறம் ஜென்மப் பாவம்னீங்க?"

"அது இவ செஞ்சதில்ல. மனுஷக் குலத்துல பொறந்ததால ஒட்டிக்கிட்டு வர்ற குறை. எனக்கும் உண்டு. ஒங்கம்மாவுக்கும் உண்டு. காமாட்சியக்காவுக்கும் உண்டு."

"என்னை எதுக்குய்யா இழுக்குறீங்க?" என்றார் சம்பந்தியம்மா.

"எல்லாருக்கும் ஒரே அளவுதான்க்கா. நம்ம தோட்டத்தை ஆளுற பங்களாத் தொரைக்கும் உண்டு!"

"தொரைக்குமா?" என்று கேட்டது ஒரு குரல்.

"தொரைக்கும் உண்டு. தொரைசானிக்கும் உண்டு. நேரா நிக்கிற காலுக்கும் உண்டு. காலு வேற, பாவம் வேற. காலுக்கு டாக்டரைப் பார்ப்போம்."

குடங்களைக் கீழே வைத்துவிட்டுப் பெண்கள் சிரித்தார்கள் பாருங்கள், அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது! சம்பந்தியம்மா மட்டும் விடவில்லை.

"அப்ப எதுக்கு அந்தப் பேரை வச்சீங்க? ஜென்மம்னா நாங்க வேற என்னத்தை நெனைப்போம்?"

"நியாயமான கேள்விக்கா," என்றார் உபதேசியார். "பேரு வச்சவங்க ஒங்களைக் கேட்டிருக்கணும்."

அந்த ஒரு பதிலில் சம்பந்தியம்மா முகம் இளகிவிட்டது. பிள்ளையின் காலில் இருந்த துணியை அவிழ்த்தது அவர் கைதான். "தொரைக்கே இருக்குன்னா, எம்பேத்தி எதுக்கு மூடிக்கிட்டுக் கெடக்கணும்?" என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பாடம் வந்தாலே உபதேசியார், "ஜென்மப் பாவம் போன ஜென்மமா?" என்று கேட்பார். பிள்ளைகள், "இல்லை! தொரைக்கும் உண்டு!" என்று கூரை அதிரக் கத்தும். ஒரு தடவை தொரையின் மோட்டார் சைக்கிள் கோயிலைத் தாண்டிப் போகும்போதே கத்திவிட்டார்கள். தொரைக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. கையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஞானஸ்நானத்தன்று ஹட்டனிலிருந்து படம் பிடிப்பவரை வரவழைத்தோம். அந்தப் படம் சுவரில் மாட்டியிருந்து மழைக்காலங்களில் பூஞ்சணம் பூத்துவிட்டது. நான் அழுதபோது உபதேசியார் சொன்னார்: "மனுஷ ஆத்துமம் ஆண்டவரோட சாயல்க்கா. பூஞ்சணம் புடிக்கும். அதுக்காக எறியமாட்டாரு. அவரே வந்து புதுசாக்குவாரு."

இப்போது அந்தப் படத்தில் உபதேசியாரின் முகமே இல்லை. மிச்சம் இருப்பது அவர் கையும், அந்தக் கை ஏந்திப் பிடித்திருக்கும் ரெஜினாவின் இடது பாதமும்தான். என்னிடம் அவர் விட்டுப்போனது அந்தக் கையும், கம்பளியைத் தைக்கச் சொன்ன சொல்லும், பீலிக்கரைச் சிரிப்பும்.

பரீட்சை பாஸானதற்கு ரெஜினாவைப் போன கிழமை ஹட்டன் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனோம். படக்காரர் மார்பளவு எடுக்கிறேன் என்றார். செபமாலை விடவில்லை. "கால் தெரியணுங்க" என்றாள்.

உபதேசியார் கையால் தூக்கப்பட்ட பிள்ளைகள் மலையெங்கும் இருக்கிறீர்கள். பழைய படம் வேண்டாம். இன்றைக்கு எப்படி இருக்கிறீர்களோ அப்படியே ஒரு புதுப் படம் எடுத்து எனக்குத் தபாலில் போடுங்கள். அந்தக் கையைச் சுற்றி மாட்டி வைக்கிறேன். கால் தெரியட்டும்.