தர்பூசணியின் வெள்ளைத் துவையல்

என் கணவருக்குத் தன் நாக்கின்மேல் அபார நம்பிக்கை. சாம்பாரை ஒரு வாய் வைத்ததுமே பருப்பு எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்வார். யாரும் போய் விசாரித்ததில்லை என்பதால் ருசி தெரிந்தவர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. கூடவே ஒரு கொள்கையும் உண்டு. தோல், தண்டு, கொட்டை எல்லாம் மாட்டுக்கு, மனிதனுக்கு இல்லை.

போன வருஷம் வெயில் கொளுத்திய ஒரு நாள் புத்தூர் நாலு ரோட்டிலிருந்து பெரிய தர்பூசணி ஒன்றைத் தூக்கி வந்தார். சிவப்பை நறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்தேன். பச்சைத் தோலுக்கும் சிவப்புக்கும் நடுவில் இருந்த வெள்ளைச் சதை நறுக்கென்று, கிட்டத்தட்ட காய் மாதிரியே இருந்தது. தூக்கிப் போட மனசு வரவில்லை. பச்சைத் தோலை மட்டும் சீவிவிட்டு, வெள்ளையைப் பொடியாக நறுக்கித் தண்ணீர் வற்றும்வரை எண்ணெயில் வதக்கினேன். உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் வறுத்து, புளியும் தேங்காயும் சேர்த்து மிக்ஸியில் கொரகொரப்பாக அரைத்தேன். அவ்வளவுதான்.

மதியம் சூடான சாதத்தில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து ஒரு வாய் போட்டவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“சௌசௌ.”

“எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?” என்றேன். நான் பொய் சொல்லவில்லை. கேள்விதானே கேட்டேன்!

“நாக்குன்னு ஒண்ணு இருக்குல்ல” என்று மறுபடியும் போட்டுக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து அவருடைய அக்கா சாப்பிட வந்திருந்தார். அன்றைக்கும் அதே துவையல்தான்.

“என்னம்மா இது, இவ்வளவு நல்லா இருக்கு?” என்று அண்ணி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

“சௌசௌ, அக்கா. காந்தி மார்க்கெட்ல நானே பொறுக்கி எடுத்தேன். நகத்தால கீறிப் பாக்கணும். இளசா இருந்தாத்தான் இந்த ருசி வரும்.”

எனக்குப் புரையேறியது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுக்களைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

அந்த வாரத்திலேயே அண்ணியிடமிருந்து போன். “நானும் சௌசௌ வாங்கி அரைச்சேன்டா. வழவழன்னு வருதே?”

“அது கைப்பக்குவம், அக்கா” என்றார் தம்பி பெருந்தன்மையாக.

அண்ணி லேசில் விடுகிற ஆள் இல்லை. பை நிறைய சௌசௌவோடு பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டி வந்துவிட்டார். “என் கண்ணு முன்னாடி அரைச்சுக் காட்டும்மா.” இவர் மேற்பார்வை பார்க்கக் கையைக் கட்டிக்கொண்டு அடுப்பங்கரை வாசலில் நின்றார்.

இனி மறைக்க வழியில்லை. இவர் மறுபடி வாங்கி வந்திருந்த தர்பூசணியில் மிச்சமிருந்த பாதியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தேன்.

“பழம் அப்புறம் தின்னுக்கலாம். முதல்ல துவையலப் பாரு” என்று இவர் அதட்டினார்.

சிவப்பை வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். பிறகு வெள்ளையைச் செதுக்கி, நறுக்கி, வாணலியில் போட்டேன். அண்ணி மெல்லுவதை நிறுத்தினார். வாணலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இதுவா?”

“ஆமாங்க அண்ணி.”

மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினார். “ஏன்டா, இதைத்தான் நகத்தால கீறிப் பாத்து வாங்கினியா?”

சிரித்த சிரிப்பில் அண்ணியால் நிற்க முடியவில்லை, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இவர் முகம் சுண்டிப் போனதைப் பார்த்து ஒரு கணம் எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே கணம்தான்.

“எனக்கு முதல் நாளே தெரியும்” என்றார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு. “சொன்னா இவ மனசு கஷ்டப்படுமேன்னுதான் சௌசௌன்னேன்.”

அண்ணி கொண்டுவந்ததைக் கூட்டு வைத்தேன். அது என்ன காய் என்று அன்றைக்கு இவர் சொல்லவே இல்லை.

இந்த வருஷம் தர்பூசணி வந்ததும் கடைக்கு அவரோடு நானும் போனேன். குவியலை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டுக் கடைக்காரரிடம் கேட்டார்: “தோல் நல்லா தடிமனா இருக்கற பழமா பாத்துக் குடுங்க.”

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் அவசரமாக, வராத பஸ்ஸைப் பார்க்க ஆரம்பித்தேன்.